பார்த்ததை வரை

ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல்தான் அவர்கள் வருவார்கள். தறிச் சத்தம் அடங்கி, வாசலில் கயிற்றுக் கட்டில்களைப் போட்டு, தெருவே முதல் தூக்கத்தில் இருக்கிற நேரம். முதலில் டார்ச் வெளிச்சம் சந்து முனையில் தெரியும். நாய் குரைக்கும். பிறகு அந்தக் குரல்: "யானைக்கால் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கோம்மா. ரத்தம் எடுக்கணும். எல்லாரையும் எழுப்புங்க."

திருபுவனத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பேயைவிட அந்தக் குரல்தான் பயம். கும்பகோணத்தைச் சுற்றி எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விரலைப் பஞ்சால் துடைத்து ஊசியால் சுருக்கென்று ஒரு குத்து. பிதுக்கி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லின் முனையால் பரப்புவார்கள். நோட்டில் பேரும் நம்பரும் எழுதிக்கொள்வார்கள். நான் அப்பாயியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அப்பாயி என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "குடு தாயீ. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பாள். என்னை ஏமாற்றுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பாயி சொன்னால் கை தானாக நீளும்.

அப்பாயிக்கு இடது கால் யானைக்கால். முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி இருக்கும். தோல் தடித்து, மடிப்பு மடிப்பாக, வெயில் காலத்தில் வெடிப்பு விட்டிருக்கும். வருஷத்துக்கு நாலைந்து தடவை நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வரும். அப்போது நாலு போர்வை போர்த்தினாலும் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். கல்யாணம் காட்சிக்குப் போகமாட்டாள். போனாலும் புடவையைத் தரையில் புரளக் கட்டிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். "போன ஜென்மத்துல எதையோ மிதிச்சிட்டேன்" என்று சொல்வாள். அதை ஒரு துக்கமாகக்கூடச் சொல்லமாட்டாள், விலாசம் சொல்வது மாதிரி சொல்வாள்.

ஒரு தடவை ரத்தம் எடுக்க வந்தவரிடம் கேட்டேன். எனக்கு எட்டு வயது இருக்கும். "பகல்ல வந்து எடுத்தா என்ன?"

அவர் ஸ்லைடைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "பகல்ல புழு தூங்கப் போயிடும் பாப்பா. ராத்திரிலதான் வெளிய வரும்."

அந்தப் பதில் என்னைப் பல ராத்திரிகள் தூங்கவிடவில்லை. எங்கே தூங்கப் போகிறது? எங்கிருந்து வெளியே வருகிறது? ராத்திரி ஆகிவிட்டதென்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

1984இல் நான் ஒன்பதாம் வகுப்பு. அரசுப் பள்ளி. ஆய்வுக்கூடம் என்று பலகை தொங்கிய அறையில் ஒரு மர பீரோ உண்டு. அதன் கண்ணாடிக் கதவு வழியாக, பாட்டிலில் ஊறிய ஓணானும் ஒரு மரப்பெட்டியும் தெரியும். பெட்டிக்குள் மைக்ராஸ்கோப் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டி திறந்து யாரும் பார்த்ததில்லை. உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்கிற பயத்தில், முன்பிருந்தவர்கள் சாவியைத் தொடவே இல்லை. நுண்ணோக்கியின் படத்தைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து, பதினோரு பாகங்களைக் குறித்து, அதற்கு மார்க்கும் வாங்கிவிட்டுப் பல வருஷத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருந்தார்கள்.

அந்த வருஷம் புதிதாக வந்த அறிவியல் டீச்சர் முதல் வாரத்திலேயே சாவியைக் கேட்டு வாங்கினார். உயரமானவர், கோடு போட்ட கைத்தறிப் புடவைதான் கட்டுவார். பெட்டியைத் திறந்தபோது பழைய எண்ணெய் நாற்றம் வந்தது. கறுப்பு எனாமல் பூசிய உடம்பு, பித்தளைத் திருகுகள், அடிப்பாகத்தில் அம்பாலா என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. ஹரியானாவில் இருக்கிற அந்த ஊரிலிருந்துதான் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வுக்கருவிகள் வருகின்றன என்று டீச்சர் சொன்னார். லென்ஸில் பூசணம் பிடித்திருந்தது. காவிரிக் கரை ஈரத்தில் மூடியே கிடந்தால் கண்ணாடியில்கூடப் பூசணம் பூக்கும். திருகு இறுகிப்போயிருந்தது. இரண்டு நாள் சாயந்திரம் உட்கார்ந்து துடைத்து, காய்ந்த கிரீஸை மண்ணெண்ணெயால் எடுத்து, மெல்லிய எண்ணெய் போட்டு, அதை ஓடவைத்தார். பழைய பருத்தி வேட்டித் துணி கேட்டார் என்று நான்தான் அப்பாவின் வேட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஒரு கை இங்க, இன்னொரு கை அடியில. பச்சப்புள்ளயத் தூக்கற மாதிரி" என்று சொல்லி, எங்களில் ஒவ்வொருவரையும் அதைத் தூக்கி மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடக்கவைத்தார். நாற்பத்திரண்டு பேர். ஒரு பீரியடு முழுக்க அதற்கே போனது. யாரும் கீழே போடவில்லை.

மறுநாள் ஸ்லைடே வைக்கவில்லை. அடியில் இருக்கிற கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைப் பிடிப்பதுதான் பாடம். சூரியனை நேராகப் பிடிக்கக் கூடாது, கண் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற வெறும் வானத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டைக் கண்ணாடி, மறுபக்கம் குழிக் கண்ணாடி. மேகமூட்டமாக இருந்தால் குழிப் பக்கத்தைத் திருப்பு. ஒரு கண்ணை மூடாதே, இரண்டையும் திறந்து வை, மூடினால் சீக்கிரம் வலிக்கும். என் முறை வந்தபோது முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது, பனங்கருக்கு மாதிரி. பிறகு ஒரு கணத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். ஒன்றுமே இல்லாத வெளிச்சம். அவ்வளவு சுத்தமான வெள்ளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஓர் எழுத்து. செய்தித்தாளிலிருந்து 'ப' ஒன்றைக் கத்தரித்து வைத்தார். அது கவிழ்ந்து, திறந்த வாய் கீழே பார்த்தபடி தெரிந்தது. ஸ்லைடை இடது பக்கம் தள்ளினால் எழுத்து வலது பக்கம் ஓடியது. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "லென்ஸ் தலைகீழாக் காட்டும். கை அதுக்குப் பழகணும்" என்றார். பழக ஒரு வாரம் ஆனது. பெரிய திருகைக் கண் வைத்துக்கொண்டு இறக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான சட்டம். பக்கவாட்டில் குனிந்து பார்த்தபடி லென்ஸை ஸ்லைடுக்கு அருகே இறக்கு. அப்புறம் கண்ணை வைத்து மேலே ஏற்றிக்கொண்டே வா. தெரிந்ததும் சின்னத் திருகு. இந்த வரிசையை இன்றுவரை நான் மாற்றியதில்லை.

வீட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்றார். நான் தறியிலிருந்து மூன்று துண்டு நூல் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் குழித்தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்தபடி விடிகாலையிலிருந்து நெய்வார். பட்டு இழை லென்ஸுக்கு அடியில் கண்ணாடிக் கம்பி மாதிரி வழவழவென்று ஓடியது. பருத்தி இழை முறுக்கிய ரிப்பன் மாதிரி, அங்கங்கே புரண்டு கிடந்தது. ஜரிகைதான் அழகு. நடுவில் நூல், அதைச் சுற்றித் தட்டையான உலோக நாடா நெருக்கமாக, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நூலின் நிறம் மட்டும் கீற்றாகத் தெரிந்தது. டீச்சர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அப்பா இத தெனம் கைல வச்சிருக்கார், ஆனா இப்படிப் பாத்திருக்க மாட்டாரு" என்றார்.

அன்றுதான் லூவன்ஹாக்கைப் பற்றிச் சொன்னார். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்கிற ஊரில் துணி வியாபாரம் செய்தவர். ஜவுளிக்காரர்கள் நூலின் தரம் பார்க்கக் கண்ணாடி வில்லை வைத்திருப்பது அந்தக் காலத்து வழக்கம். அவர் தாமே வில்லைகளைத் தேய்த்துச் செய்து, ஒரே ஒரு சின்ன வில்லையால் இருநூறு மடங்குக்கும் மேலே பெரிதாக்கிப் பார்த்தார். ஏரித் தண்ணீரையும், பல்லிடுக்கு அழுக்கையும், ரத்தத்தையும் பார்த்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, லத்தீன் தெரியாது. கண்டதைத் தன் தாய்மொழியில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார், தொண்ணூறு வயதில் 1723இல் சாகிறவரை. துணிக்கடைக்காரர் என்ற அந்த ஒரு சொல்லில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. பாடப் புத்தகத்தில் அதுவரை எங்கள் தெரு ஆள் ஒருவரும் வந்ததில்லை.

பிறகு வந்தது வெங்காயம்.

பெல்லாரி வெங்காயத்தை நாலாக நறுக்கி, சதைப்பற்றான ஒரு மடலை எடுத்து, அதன் உள்பக்கம், குழிந்த பக்கம், நகத்தால் கீறி இழுத்தால் ஒரு சவ்வு வரும். ஈரமான டிரேசிங் பேப்பர் மாதிரி, ஒளி ஊடுருவும். வாட்ச் கிளாஸில் தண்ணீரில் போடு, இல்லையென்றால் சுருண்டுகொள்ளும். ஒரு சொட்டு சாஃப்ரனின் சாயம். ஸ்லைடில் கிளிசரின் ஒரு துளி. சவ்வை மடிப்பு விழாமல் தூரிகையால் பரப்பு. கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பில் நிறுத்தி, ஊசியால் தாங்கி, மெதுவாகச் சாய்த்து இறக்கு. அவசரப்பட்டால் காற்றுக் குமிழி சிக்கும். நான் அவசரப்பட்டேன். கண் வைத்ததும் கன்னங்கரேலென்ற விளிம்போடு வட்டமாக ஒன்று தெரிந்தது. "செல்லு! செல்லு!" என்று கத்தினேன். டீச்சர் குனிந்து பார்த்தார். "குமிழி. விளிம்பு இவ்வளவு கறுப்பா, இவ்வளவு வட்டமா இருந்தா அது காத்து. வேற எடு."

இரண்டாவது தடவை பொறுமையாக இறக்கினேன். பத்து மடங்கு லென்ஸ். கண்ணருகு லென்ஸ் இன்னொரு பத்து, ஆக நூறு மடங்கு.

வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் நீளநீளமாக, முனை சற்றுச் சாய்ந்து, ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது பொருந்தி. மற்றவர்கள் செங்கல் சுவர் என்றார்கள். எனக்கு அது அப்பாவின் டிசைன் கட்டத் தாளாகத் தெரிந்தது. சேலையின் பார்டருக்கு மயில் வேண்டுமென்றால் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித்தான் மயிலை வரைவார்கள். கட்டம் நிரம்ப நிரம்ப மயில் வரும். வெங்காயமும் அப்படிக் கட்டம் கட்டமாக நெய்யப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும், சிலதில் நடுவில், பலதில் சுவரோரம் ஒதுங்கி, சிவப்பாக ஒரு பொட்டு.

"பொட்டு இருக்கே டீச்சர்."

"அதான் உட்கரு. நியூக்ளியஸ். ஏன் ஓரமா இருக்குன்னு சொல்லு பாப்போம்."

நாற்பத்தைந்து மடங்கு லென்ஸுக்கு மாற்றினார். நடுவில் பெரிய வெற்றிடம் மாதிரி ஒன்று. அது வெற்றிடம் இல்லை, சாறு நிரம்பிய வாக்குவோல். அது உப்பி நிற்பதால்தான் சைட்டோபிளாசமும் உட்கருவும் சுவரோரம் தள்ளப்பட்டிருக்கின்றன. வெங்காயம் நறுக்கும்போது வருகிற சாறு அங்கேதான் இருக்கிறது என்றதும் எனக்கு மூக்கு எரிவது மாதிரி இருந்தது.

1665இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையைச் சீவிப் பார்த்து, தேன்கூடு மாதிரித் தெரிந்த அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் கண்டது செத்த மரப்பட்டையின் வெறும் சுவர்களை. உள்ளே இருந்தவர் காலிசெய்து போன வீடு. உட்கருவுக்குப் பெயர் வைத்து, செல்லில் எப்போதும் இருக்கிற ஓர் உறுப்பு என்று காட்டியவர் ராபர்ட் பிரவுன், 1831இல். நடுவில் நூற்று அறுபத்தாறு வருஷம். "அவ்ளோ வருஷம் எடுத்தத நீங்க ஒரு பீரியட்ல பாத்துட்டீங்க" என்று டீச்சர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

ரெக்கார்டு நோட்டில்தான் அவருடைய உண்மையான கண்டிப்பு. ஒருத்தி வெங்காயச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு எல்லாம் போட்டு, கலர் அடித்து, மிக அழகாக வரைந்துகொண்டு வந்தாள். டீச்சர் பென்சிலால் அந்தப் பகுதியில் ஒரு கோடு இழுத்தார்.

"இத எங்க பாத்த?"

"புக்குல இருந்துச்சு டீச்சர்."

"புக்குல இருக்கறது உண்மைதான். ஆனா இந்த ஸ்லைடுல நீ பாக்கல. சுவர், சைட்டோபிளாசம், உட்கரு, வாக்குவோல். இதுதான தெரிஞ்சுது? பாத்தத வரை. பாக்காதது எவ்வளவு உண்மையா இருந்தாலும் வரையாத."

என் படத்தில் உட்கரு இல்லாத இரண்டு கட்டங்கள் இருந்தன. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பயந்துகொண்டே நீட்டினேன். அதற்கு அவர் பத்துக்குப் பத்து போட்டார். தோலை உரிக்கும்போது சில செல்கள் கிழிந்து உள்ளிருப்பது வெளியேறியிருக்கும் என்று விளக்கினார். பள்ளியில் கற்றதிலேயே பெரிய பாடம் அதுதான் என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். புத்தகப் படத்துக்கு மார்க் போடும் வழக்கம் நம் பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிடுகிறது. கண்டதைக் கண்டபடி சொன்னால் தப்பாகிவிடுமோ என்று ஒரு குழந்தை பயப்பட ஆரம்பித்தால், அதற்கு மேல் எந்தக் கருவியும் அதற்கு உதவாது.

அந்த வருஷம் நாங்கள் பார்க்காதது இல்லை. பல்குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தை மெதுவாகச் சுரண்டி, மெத்திலின் நீலத்தில் நனைத்துப் பார்த்தோம். சுவர் இல்லை, கட்டம் இல்லை. ஓரம் மடங்கிய அப்பளத் துண்டுகள் மாதிரி, ஒவ்வொன்றின் நடுவிலும் நீலப் பொட்டு. இது நான், என்று நினைத்துக்கொண்டேன். ரியோ இலையின் ஊதா அடித்தோலில் உப்புத் தண்ணீர் விட்டபோது, ஊதாச் சாறு சுவரை விட்டு நழுவிச் சுருங்கியது. வெறும் தண்ணீர் விட்டால் திரும்ப உப்பியது. மாங்காயில் உப்புப் போட்டு ஜாடியைக் குலுக்கினால் மறுநாள் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று அன்று சாயந்திரம் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா ஊறுகாய்க் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும்விடக் குளத்துப் பாசிதான். ஹைட்ரில்லாவின் இளம் இலை ஒன்றைப் பிய்த்து அப்படியே தண்ணீரில் வைத்தார். சாயம் கிடையாது. பச்சை மணிகள், பசுங்கணிகங்கள். சும்மா இருந்தன. ஜன்னல் வெயிலில் கொஞ்ச நேரம் ஆனதும் ஒன்று நகர்ந்தது. பின்னால் இன்னொன்று. சுவரை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக, மூலையில் திரும்பி, மறுபடி சுவரை ஒட்டி. கம்பகரேசுவரர் கோயில் சாமி நாலு வீதியும் வலம் வருகிற மாதிரி. அத்தனை நாள் 'உயிருள்ள செல்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். உயிருள்ள என்ற சொல்லுக்கு என்ன அர்த்தமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் வீட்டுக்குச் சீட்டு வந்தது. ராத்திரி எடுத்த ரத்தத்தில் அப்பாவுக்குப் புழு இருக்கிறதாம். பன்னிரண்டு நாள் மாத்திரை சாப்பிட வேண்டும். அப்பாயியின் ரத்தத்தில் ஒன்றும் இல்லையாம்.

அப்பா நம்பவில்லை. "கால் வீங்கினது அம்மாவுக்கு. மாத்திர எனக்கா? எனக்கு என்ன நோவு? ஆள மாத்தி எழுதியிருப்பான்." மாத்திரைப் பொட்டலத்தைத் தறிக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துவிட்டார். தெருவில் பலர் வீட்டில் அந்தப் பொட்டலம் அப்படித்தான் மாடத்திலேயே கிடந்தது.

டீச்சரிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவரே என்னைக் கும்பகோணத்துக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் கால் மணி நேரம். யானைக்கால் தடுப்புப் பிரிவில், ஸ்லைடு பார்க்கிற ஒருவரிடம் அனுமதி கேட்டார். அந்த அறையில் மின்விசிறி இருந்தது, ஓடவில்லை. ஸ்லைடு காயும்போது தூசி படியும் என்றார் அவர். பஸ்ஸில் வரும்போதுதான் டீச்சர் ரொனால்ட் ராஸ் கதையைச் சொல்லியிருந்தார். 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில், கொசுக்கள் பறந்துவிடும் என்று பங்காவைக்கூட இழுக்கவிடாமல் உட்கார்ந்து, நெற்றி வியர்வையில் மைக்ராஸ்கோப் திருகு துருப்பிடிக்க, கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார் என்று. கொசுவைத் தேடு என்று அவருக்கு வழிகாட்டியவர் பேட்ரிக் மேன்சன். மேன்சனுக்கு அந்த யோசனை வந்ததே யானைக்கால் புழுவிலிருந்துதான். சீனாவில் வேலை பார்த்தபோது, அந்தப் புழுவைக் கொசு ரத்தத்தோடு உறிஞ்சிக்கொள்வதை 1877இலேயே கண்டவர் அவர். எங்கள் அப்பாயியின் கால் இத்தனை பெரிய கதைக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

ஸ்லைடு பார்ப்பவர் நாற்காலியை எனக்காக உயர்த்திப் போட்டார். காய்ந்த ரத்தத்தை முதலில் தண்ணீரில் வைத்துச் சிவப்பைக் கரைத்துவிட்டு, அப்புறம் சாயம் ஏற்றியிருந்தார்கள். மங்கலான திட்டுகளுக்கு நடுவே அது கிடந்தது. கோலத்தில் ஓர் இழை மாதிரி, நோகாமல் வளைந்து. கால் மில்லிமீட்டர்தான் நீளம். மேலே மெல்லிய உறை. உடம்பு முழுக்க நீலப் புள்ளிகள் கோத்த மாதிரி.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன, சொல்லு?" என்றார்.

"உட்கரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் டீச்சரைப் பார்த்தார். பிறகு, "வால் நுனியப் பாரு. அங்க புள்ளி இருக்கா?"

இல்லை. நுனி வெறுமையாக, கூராக முடிந்தது. "இங்க உட்கரு இல்லாததனாலதான் இது பாங்கிராஃப்டி புழு. மலையி புழுவா இருந்தா வால்ல ரெண்டு புள்ளி தனியா நிக்கும். அத வச்சுதான் எந்தப் புழுன்னு எழுதறோம்." வெங்காயத் தோலில் பார்த்த அதே பொட்டு. ஒரு நோயின் பெயரையே அது முடிவு செய்தது.

எட்டு வயதில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். தாய்ப் புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள் வருஷக்கணக்காக வாழ்கின்றன. அவை போடுகிற குட்டிகள்தாம் இவை. பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் தங்கிவிடும். நம் சாக்கடைக் கொசு ராத்திரியில் கடிக்கிற கொசு. அது கடிக்கிற நேரத்துக்குக் குட்டிகள் தோலுக்கு அருகே வந்துவிடுகின்றன. கொசுவுக்குள் போனால்தான் அடுத்த பருவம் வளரும். கால் முற்றிலும் வீங்கிப்போனவர்கள் ரத்தத்தில் பெரும்பாலும் குட்டி இருக்காது, நிணநீர்க் குழாய் கெட்டுப்போனதுதான் வீக்கமாக நிற்கிறது. ஒரு நோவும் இல்லாமல் நடமாடுகிறவர் ரத்தத்தில்தான் இவை இருக்கும். அவரைக் கடித்த கொசுதான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

நான் அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன். ஒரு கண் லென்ஸில், ஒரு கண் தாளில். எத்தனை வளைவு, எந்தப் பக்கம் தலை, வால் நுனியில் எவ்வளவு இடம் வெறுமை. எதையும் கூட்டவில்லை.

ராத்திரி அப்பா தறியை விட்டு எழுந்ததும் தாளை நீட்டினேன். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் வரைபடம் படிப்பதில் அவருக்கு ஈடு தெருவில் இல்லை. கட்டத் தாளைப் பார்த்தே சேலை எத்தனை நாளில் முடியும் என்று சொல்வார். லாந்தரை இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நீயா போட்டது?"

"ஆமாம்ப்பா. பாத்துப் போட்டேன்."

"ஏன் வால் பக்கம் மட்டும் புள்ளி விட்டுப் போச்சு?"

"அங்க இல்லப்பா. இல்லாததனால வைக்கல."

அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்துபோய் மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்தார். முதல் நாள் மாத்திரைக்கு அன்று ராத்திரியே காய்ச்சலும் தலைவலியும் வந்தது. புழு சாகும்போது அப்படி வரும் என்று கும்பகோணத்தில் எச்சரித்திருந்தார்கள். அதையும் சொன்னேன். பன்னிரண்டு நாளும் விடாமல் சாப்பிட்டார். எங்கள் தெருவில் மாடத்தில் கிடந்த மற்றப் பொட்டலங்களும் அந்த மாதம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அந்தத் தாள் வீடு வீடாகப் போய், ஓரம் கிழிந்து, மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது.

அப்பாயியிடம் தனியாகச் சொன்னேன். போன ஜென்மமும் இல்லை, எதையும் மிதிக்கவும் இல்லை, கொசுக்கடிதான் அப்பாயி, என்று. அவள் கொஞ்ச நேரம் தன் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "கொசுவா?" என்றாள். "அப்ப நான் ஒண்ணும் பண்ணலியா?" என்றாள். அதன் பிறகு பக்கத்துத் தெருக் கல்யாணம் ஒன்றுக்கு எங்களோடு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடு பார்க்கிறேன். இப்போது மைக்ராஸ்கோப்புக்கு மின்விளக்கு உண்டு, கண்ணாடி திருப்ப வேண்டியதில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாச் செல்லின் பாகங்களையும் ஒப்பிப்பார்கள். கவர் ஸ்லிப்பில் சிக்கிய குமிழியைக் காட்டி இது என்ன என்று கேட்டால் பலர் திகைக்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அவர்கள் படித்த பள்ளிகளில் பெட்டி திறக்கப்படவில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கும். அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க்கை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.